பாலம் யாருடைய முறை

போன கிழமை தயாபரன் தொலைபேசியில் கூப்பிட்டான். சுவிஸில் நான் வேலைசெய்த கெமைண்டேயில், அதாவது ஊராட்சியில், எனக்குப் பிறகு வீதி வேலைக்குச் சேர்ந்தவன் அவன். முழங்கால் இரண்டும் கைவிட்டதால் நான் ஐம்பத்தேழு வயதிலேயே ஓய்வு வாங்கிக்கொண்டு பேர்ண் நகருக்குப் பக்கத்தில் ஓஸ்டர்முண்டிகனில் வந்து குந்திக்கொண்டேன்.

"அண்ணை, இன்னும் மூண்டு ஊரை எங்களோடை சேர்க்கப் போயினமாம். புது வரைபடமும் தந்திட்டாங்கள். நீங்கள் பழைய ஆள். நான் என்னத்தைக் கவனிக்க வேணும்?"

"வரைபடத்தை மடிச்சு வை. அந்த ஊர்களிலை பனி தள்ளுற ட்ராக்டருகள் எந்த இடத்திலை திரும்புது எண்டு போய்ப் பார்."

"அண்ணைக்கு வயசு போட்டுது" என்று சிரித்தான். பிறகு, சிரித்ததற்குப் பரிகாரம் போல, "அதை எங்கடை சங்க மலருக்கு எழுதித் தாங்கோவன்" என்றான். எழுதுகிறேன்.

அவன் சொன்ன அளவுக்கு எனக்கு வயது போகவில்லை. ஆனால் வானொலியில் பனி என்று சொன்னால் ஜெனீவாவில் வேலைசெய்யும் என் மகள் சுகிக்குத் தொலைபேசி எடுக்காமல் என்னால் இருக்க முடியாது. "அப்பா, எனக்கு முப்பது வயசு. இஞ்சை ட்ராம் ஓடுது" என்பாள். ட்ராமும் வழுக்கும் என்பேன். அவள் பெருமூச்சு விடுவது கேட்கும். அந்தப் பெருமூச்சுக்கும் கீழே வரும் கதைக்கும் தொடர்பு உண்டு.

எண்பதுகளின் நடுப்பகுதியில் சுவிஸுக்கு வந்தேன். யாழ்ப்பாணத்தில் எழுதுவினைஞராக இருந்தவன். கோப்புக்கு இலக்கம் போடுவதும் கடிதத்துக்குக் கடிதம் எழுதுவதுமே தெரிந்த தொழில். முதல் வருடம் அகதி முகாமில் உருளைக்கிழங்கு சீவினேன். அடுத்த வருடம் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். பிறகு மனைவி வதனியும் சுகியும் வந்து சேர, எங்களை ஒரு மலையடிவார ஊரில் குடிவைத்தார்கள். அங்கே வீதிப் பொறுப்பாளருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. ட்ராக்டர் ஓடத் தெரியும் என்று சொன்னேன். மாமாவின் ட்ராக்டரை இரண்டு தரம் ஓடியிருந்தேன். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் எந்தப் பெயரை முதலில் சொன்னேன் என்று இன்றைக்கும் வழக்குக்கு வருவார்கள். மேலூர், கீழூர் என்று வைத்துக்கொள்வோம். நாங்கள் இருந்தது மேலூரில். இரண்டுக்கும் நடுவே ஓர் ஓடை, ஓடைக்கு மேலே ஒரு பாலம். ஒரு ஊரிலிருந்து மற்ற ஊருக்கு நடந்தால் இருபது நிமிடம். மேலூராரைக் கேட்டால் கீழூரார் தலைக்கனம் பிடித்தவர்கள். கீழூராரைக் கேட்டால் மேலூரார் மத்தியானம்வரை நித்திரை கொள்பவர்கள். கோயில் திருவிழாவுக்கு எந்த மேளத்தைப் பிடிப்பது என்று இரண்டு குறிச்சிகள் வருடக்கணக்காகப் பேசாமல் இருந்ததைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்நிய நாட்டுக்கு வந்ததுபோலவே இருக்கவில்லை.

என் மேலாளர் பிறிட்ஸ். மஞ்சள் நிற மடிப்பு அளவுகோல் ஒன்று எப்போதும் அவருடைய காற்சட்டைப் பையில் இருக்கும். பனி பெய்த விடியற்காலைகளில் மேலூர்ச் சந்தியிலிருக்கும் கல் தண்ணீர்த்தொட்டியின் விளிம்பில் அதை நிறுத்தி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குனிந்து பார்ப்பார். ஐந்து சென்டிமீற்றர் இருந்தால் ட்ராக்டர். நாலரை என்றால் கோப்பி. நாலரையும் ஐந்தும் கண்ணுக்கு ஒன்றுதானே என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். "கண்ணுக்குத்தான்" என்றார். அன்றைய விளக்கம் அதோடு முடிந்தது.

அவரிடம் வேலை பழகுவது எளிது, பாராட்டு வாங்குவதுதான் முடியாத காரியம். ஒக்டோபரில் வீதியோரம் முழுவதும் செம்மஞ்சளும் கறுப்புமான கம்புகள் நடவேண்டும். முழங்கால் ஆழப் பனியில் வீதி எங்கே முடிந்து வயல் எங்கே தொடங்குகிறது என்பதை ட்ராக்டருக்குக் காட்டுவது அந்தக் கம்புகள்தான். சாக்கடை மூடிகளுக்கு ஒரு சாண் முன்னதாக, ட்ராக்டரின் முன்னால் பூட்டிய இரும்புப் பனித்தட்டை ஒரு விரலளவு உயர்த்த வேண்டும், இல்லாவிட்டால் இரும்பில் இரும்பு மோதும். வீட்டு வாசல்களுக்கு முன்னால் பனியைக் குவிக்கக் கூடாது. இதெல்லாவற்றையும் ஒரு குளிர்காலம் முழுக்கப் பிசகாமல் செய்து முடித்த அன்று பிறிட்ஸ் என்னைப் பார்த்து, "பிழையில்லை" என்றார். வதனியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "உதுக்கோ இவ்வளவு சந்தோசம்?" என்று கேட்டாள்.

பாலத்துக்குத் தனி நடைமுறை இருந்தது. ஓடைதான் எல்லை என்பதால் பாலம் பாதி எங்களுடையது, பாதி அவர்களுடையது. பாலத்தின் நடுவில் ட்ராக்டரைத் திருப்ப முடியாது. ஆகவே முப்பாட்டன் காலத்திலேயே ஓர் ஒப்பந்தம் எழுதியிருந்தார்கள். ஒரு குளிர்காலம் மேலூர் பாலத்தை வழிக்கும், அடுத்த குளிர்காலம் கீழூர். முறை யாருடையதென்று காட்டும் அட்டவணை எங்கள் ட்ராக்டர் கொட்டகைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. முறை இல்லாத குளிர்காலத்தில் பாலத்துக்கு முன்னால் தட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட வேண்டும். "அவையின்ரை பனியைத் தொடாதை" என்பார் பிறிட்ஸ். மற்றவன் வீட்டுச் சாமானைத் தொடாதே என்று பிள்ளைக்குச் சொல்லும் தொனியில்.

இந்த இரண்டு ஊர்களும்தான் ஒன்றுசேர்ந்தன. காதலினால் அல்ல. மேலூரில் நூற்றுத் தொண்ணூறு பேர். ஊராட்சிக்கு ஐந்து உறுப்பினர் வேண்டும், வருவதற்கு ஆள் இல்லை. இருந்த எழுத்தரும் ஓய்வு பெறப்போனார். மேலிடத்திலிருந்து, சேர்ந்தால் நல்லது என்று மெதுவாகத் தள்ளினார்கள். இரண்டு வருடம் பேச்சுவார்த்தை நடந்தது. அலுவலகம் மேலூருக்கு. தீயணைப்பு வண்டி கீழூருக்கு. வண்டி போன பிறகுதான் மேலூர்க் குழாய்கள் கீழூர் வண்டியில் பொருந்தாது என்பது தெரியவந்தது. சின்னத்தில் மேலூரின் ஊசியிலை மரமும் கீழூரின் பேரி மரமும் வரவேண்டும் என்று முடிவாயிற்று. வரைந்து வந்ததைப் பார்த்த கீழூரார், ஊசியிலை மரம் இரண்டு விரல் உயரமாக இருப்பதாகத் திருப்பி அனுப்பினார்கள். இயற்கையில் அது உயரம்தானே என்றதற்கு, இயற்கை வாக்களிக்கவில்லை என்று பதில் வந்தது.

வாக்கெடுப்பு நாளில் உடற்பயிற்சி மண்டபத்தில் கதிரை அடுக்கியவன் நான். எனக்கு வாக்கு இல்லை. கைகளை எண்ணும்போது, தவறுதலாக என் கையும் எண்ணப்பட்டுவிடுமோ என்ற பயத்தில் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். இரண்டு ஊரிலும் ஓமென்றே முடிந்தது. கீழூரில் கடைசிவரை எதிர்த்தவர் வால்ற்றர் என்ற விவசாயி. அந்த ஊருக்குப் பனி தள்ளுபவரும் அவர்தான்.

புதுவருடத்தோடு இரண்டு ஊரும் ஒன்றாயின. இணைப்பு ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது: இரண்டு ஊர்களுக்கும் இடையிலான பழைய உடன்படிக்கைகள் எல்லாம் அன்றோடு முடிவடையும். ஒரே ஊராகிவிட்ட பிறகு தன்னோடு தானே எப்படி உடன்படிக்கை வைத்துக்கொள்வது? நியாயம்தான். பிறிட்ஸ் சுவரைக் காட்டி, "அட்டவணையைக் கழட்டு, சிவா" என்றார். நான் கண்ணாடிச் சட்டத்தைத் துடைத்து, தாளை எடுத்து, கோப்பில் போட்டு, கோப்புக்கு இலக்கமும் போட்டேன். பழைய எழுதுவினைஞனுக்கு அது மிகவும் இன்பமான காலைப்பொழுது. இனிமேல் பாலத்தை யார் வழிப்பது என்று நான் கேட்கவில்லை. பிறிட்ஸும் சொல்லவில்லை.

அந்தப் பங்கீட்டில் கிண்டர்கார்டன், அதாவது பாலர் வகுப்பு, கீழூருக்குப் போயிருந்தது. மேலூர்ப் பிள்ளைகள் நாலு பேர். சுகி அவர்களில் ஒருத்தி, பிறிட்ஸின் பேத்தி ரெகுலா இன்னொருத்தி. இந்த நாட்டில் ஐந்தாறு வயதுப் பிள்ளை பாலர் வகுப்புக்குத் தானாக நடந்து போகும். பெற்றோர் கூட்டிக்கொண்டு போவது மரியாதைக் குறைவு. கழுத்தில் ஒளிரும் செம்மஞ்சள் பட்டி ஒன்றைப் போட்டு, கதவைத் திறந்து, போய்வா என்று விட்டுவிட வேண்டும். யாழ்ப்பாணத்தில் எனக்குப் பதினாறு வயதாகும்வரை அம்மா வீட்டுப் படலையில் நின்று பார்த்தவர். எனக்கு இது எப்படி ஏறும்?

முதல் கிழமை மரங்களுக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து பின்தொடர்ந்தேன். இரண்டாம் கிழமை, தற்செயலாக எட்டு மணிக்கு அந்த வழியில் எனக்கு வீதி வேலை வரத் தொடங்கியது. மூன்றாம் கிழமை ஆசிரியையிடமிருந்து கடிதம் வந்தது. வழி பிள்ளைக்குச் சொந்தமானது, தயவுசெய்து அதை அவளிடமே விட்டுவிடுங்கள் என்று எழுதியிருந்தார். ஆசிரியையை ஊர் முழுவதும் ஃப்றொய்லைன், அதாவது செல்வி, என்றே அழைத்தது. ஃப்றொய்லைன் என்றால் பிறிட்ஸே தொப்பியைக் கழற்றுவார்.

"அப்பா, ஃப்றொய்லைன் எல்லாருக்கும் முன்னாலை கேட்டவ, ஆரின்ரை அப்பா மரத்துக்குப் பின்னாலை நிக்கிறார் எண்டு" என்று சுகி அழுதாள்.

"இனி வரமாட்டன் பிள்ளை" என்று வாக்குக் கொடுத்தேன்.

ஜனவரி முடிவில் ஒரு நாள் பனி அளவுகோலுக்கு வேலையே வைக்கவில்லை. தொட்டியே தெரியவில்லை. காற்றும் சேர்ந்துகொண்டது. விடியற்காலையிலேயே மேலூர் வீதிகளை முடித்துவிட்டுப் பாலத்துக்கு வந்தேன். ஒரு பக்கக் கம்பிவேலியின் உச்சிவரை பனியைக் காற்று குவித்து வைத்திருந்தது, யாரோ சாய்தளம் கட்டியதுபோல. ட்ராக்டர் வெளிச்சத்தில் அதை நன்றாகவே பார்த்தேன். போன குளிர்காலம் நாங்கள் வழித்தோம், இது வால்ற்றரின் முறை என்று நினைத்தேன். இன்னும் உண்மையைச் சொன்னால், மத்தியானம்வரை நித்திரை கொள்வது யாரென்று பார்ப்போம் என்றும் நினைத்தேன். மேலூராரின் பகை அதற்குள் எனக்கும் ஒட்டியிருந்தது. தட்டைத் தூக்கினேன், திரும்பினேன்.

எட்டே முக்காலுக்குக் கொட்டகையில் தொலைபேசி அடித்தது. பிறிட்ஸும் நானும் கோப்பி குடித்துக்கொண்டிருந்தோம். எடுத்தவர் பிறிட்ஸ். "நாலு பேருமோ?" என்று மட்டும் கேட்டார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பிள்ளையள் போய்ச் சேரேல்லையாம்."

எங்கே என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது.

பாலம்வரை ட்ராக்டர் ஓடியது யார் என்று இன்றைக்கும் ஞாபகமில்லை. நானாகத்தான் இருக்கும். பாலத்தில் மூன்று செம்மஞ்சள் பட்டிகள் தெரிந்தன. மூன்றுதான். நான் எண்ணினேன், திரும்பவும் எண்ணினேன். எழுதுவினைஞனாக எத்தனையோ எண்ணியிருக்கிறேன். அந்த எண்ணிக்கை மட்டும் இன்றைக்கும் கனவில் வருகிறது.

மூன்று பிள்ளைகளும் பனிக்குவியலின் மேல் குப்புறப் படுத்திருந்தார்கள். கழுத்துத் துணிகளை ஒன்றோடொன்று முடிந்து கீழே விட்டிருந்தார்கள். நான் வழிக்காத அந்தச் சாய்தளத்தில் ஏறி விளையாடிக்கொண்டு வந்திருக்கிறார்கள். சுகி கம்பிவேலிக்கு மேலால் அப்படியே அந்தப் பக்கம் வழுக்கிவிட்டாள். கீழே ஓடைக்கரையில் இடுப்பளவு பனிக்குள் அவள் இருந்தாள். ஒரு காலின் சப்பாத்து தண்ணீருக்குள். வலது கை மடியில் கிடந்தது, இடது கை துணியின் நுனியைப் பிடித்திருந்தது.

"ஏன் ஒராளும் ஓடிவந்து சொல்லேல்லை?" என்று பிறிட்ஸ் கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒரு தரம்தான்.

ரெகுலா தலையைத் தூக்கினாள். உதடு நீலமாக இருந்தது. "நாலு பேரும் சேந்துதான் போகவேணும் தாத்தா. ஃப்றொய்லைன் சொன்னவ."

நான் கீழே குதித்தேன். என் முழங்கால்களின் வரலாறு அங்கேதான் தொடங்குகிறது என்று வைத்தியர் சொல்வார். சுகியைத் தூக்கினேன். முகத்தில் இரத்தமே இல்லை. என்னைப் பார்த்ததும் அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் பயந்துபோய் மேலே பாலத்தைப் பார்த்தாள்.

"ஏன் வந்தனீங்கள் அப்பா? வரமாட்டன் எண்டெல்லோ சொன்னனீங்கள். ஃப்றொய்லைன் பேசப்போறா."

மணிக்கட்டு முறிந்திருந்தது. இரண்டு கால்விரல்கள் ஒரு கிழமை ஊதா நிறமாக இருந்து, பிறகு மனமிரங்கின. இன்னும் அரைமணி நேரம் போயிருந்தால் என்று ஆஸ்பத்திரியில் வைத்தியர் தொடங்கினார். வதனி கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். இரண்டு நாள் அவள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், சுகி தூங்கிய பிறகு, "அந்தப் பாலம் ஆரின்ரை?" என்று கேட்டாள்.



அதே கேள்வியைப் புது ஊராட்சியும் விசாரித்தது. மேசையின் ஒரு பக்கம் மேலூர் உறுப்பினர், மறுபக்கம் கீழூர் உறுப்பினர். கலந்து உட்கார இன்னும் பழகவில்லை. நான் போட்ட இலக்கத்தைக் கொண்டு கோப்பை எடுத்து வந்தார்கள். அட்டவணைப்படி முறை கீழூருடையது என்றார் ஒருவர். அட்டவணை புதுவருடத்தோடு செத்துவிட்டது என்றார் இன்னொருவர். குளிர்காலம் டிசம்பரில் தொடங்குவதால் பழைய வருடத்தின் கணக்கில்தான் வரும் என்று மூன்றாமவர் எழும்பினார். அரைமணி நேரம் போனது. உள்ளே போகும் முன் பிறிட்ஸ் என் காதில், "கேட்டால் மட்டும் கதை" என்று சொல்லியிருந்தார். எங்கள் அகதி விண்ணப்பம் அப்போது நிலுவையில் இருந்தது. ஊராட்சியின் நற்சான்று அதற்கு வேண்டும். அதைத்தான் அவர் நினைத்திருப்பார்.

யாரும் கேட்கவில்லை. நான் எழும்பினேன்.

"பனி குவிஞ்சிருந்ததை நான் கண்டனான். பிள்ளையள் அதாலை வருவினம் எண்டும் தெரியும். என்ரை முறை இல்லை எண்டு நினைச்சுத் திருப்பிப்போட்டன்."

என் டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், இதற்குள் எத்தனை பிழை இருந்ததோ தெரியாது. எல்லோருக்கும் விளங்கியது. பின்வரிசையில் ஒரு கதிரை தரையில் உரசியது. வால்ற்றர்.

"நானும் ஆறு மணிக்கு அந்தப் பக்கம் வந்தனான்" என்றார். "நானும் கண்டனான். ஒண்டாச் சேந்தாச்சுத்தானே, மேலூரார் செய்யட்டும் எண்டு விட்டிட்டன்." உட்காரப் போனவர் திரும்ப நிமிர்ந்தார். "வேணுமெண்டுதான்."

"அட்டவணையைக் கழட்டச் சொன்னது நான்" என்றார் பிறிட்ஸ்.

தலைவர் கண்ணாடியைத் துடைத்தார். நல்ல மனிதர், ஆனால் ஊராட்சித் தலைவர். ஆகவே ஒரு புது அட்டவணை போடலாம் என்றார். ஒரு குளிர்காலம் மேற்பகுதி, அடுத்த குளிர்காலம் கீழ்ப்பகுதி. கைகள் உயரத் தொடங்கின.

"அட்டவணை வேண்டாம்" என்றார் பிறிட்ஸ். "ரெண்டு பேரும் போகட்டும். ஒவ்வொரு நாளும்."

"இரட்டைச் செலவு" என்றார் ஒருவர்.

"என்ரை பேத்தியும் அங்கைதான் படுத்திருந்தவள்" என்றார் பிறிட்ஸ். உயர்ந்த கைகளில் ஒன்றிரண்டு கீழே வந்தன. பிறகு எல்லாமே வந்தன. அன்றைக்கும் எனக்கு வாக்கில்லை. ஆனால் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ள மறந்துவிட்டேன்.

கை கட்டுப்போட்டபடி சுகி வீட்டில் இருந்தபோது ஃப்றொய்லைன் ஒரு கேக்கோடு வந்தார். சேர்ந்தே போகவேண்டும் என்பதற்கு ஆபத்திலும் அப்படித்தான் என்று பிள்ளைகள் பொருள்கொள்வார்கள் என்று தான் நினைக்கவில்லை, அது தன் தவறு என்றார். பிறகு, திங்கட்கிழமை சுகி நடந்து வரவேண்டும் என்றார். இல்லாவிட்டால் பயம் அவளுக்குள் தங்கிவிடுமாம்.

"முடியாது" என்றேன். என் பயத்தை எங்கே வைப்பது என்று கேட்க டொச் சொற்கள் வரவில்லை.

வதனி கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். கேத்தலை வைத்துவிட்டு, "இஞ்சருங்கோ, அவள் நடக்கட்டும்" என்றாள். "நீங்கள் பாலத்தைப் பாருங்கோ."

திங்கட்கிழமை ஒரு துளி பனியும் பெய்யவில்லை. பிறிட்ஸ் தொட்டி விளிம்பில் அளவுகோலை நிறுத்தினார். பூச்சியம். கோப்பி நாள். அவர் குனிந்தபடியே இருந்து, "ஐந்து இருக்கும்போலை" என்றார்.

எட்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பாலத்துக்கு வந்தேன். எதிர்ப்பக்கத்திலிருந்து வால்ற்றரும் வந்துகொண்டிருந்தார். காய்ந்த தாரில் இரண்டு தட்டுகளும் நெருப்புப்பொறி பறக்க உரசிக்கொண்டு நடுப்பாலத்தில் முட்டாத குறையாக நின்றன. யாராவது ஒருவர் பின்னுக்குப் போகவேண்டும். அவரும் போகவில்லை, நானும் போகவில்லை.

"நல்ல பனி" என்றார் வால்ற்றர், வெறும் தாரைப் பார்த்தபடி.

"ஓம், கொஞ்சம் கூடத்தான்."

எனக்குப் பின்னால், மேலூர்ப் பக்க வளைவில், நாலு செம்மஞ்சள் பட்டிகள் தெரிந்தன. எண்ணினேன். நாலு. சுகி உட்பக்கமாக, ரெகுலாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கம்பிவேலிக்கு அருகில் வந்ததும் கால்கள் நின்றன. ஸ்டியரிங்கை நான் பிடித்த பிடியில் கையுறைக்குள் விரல்கள் மரத்துப்போயின. இறங்கி ஓடவேண்டும்போல இருந்தது. இறங்கவில்லை. ரெகுலா ஏதோ சொன்னாள். சுகி ஒரு மூச்சு இழுத்தாள். கால்கள் நடந்தன.

இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு, வழியில் காணும் பெரியவர் யாராக இருந்தாலும் வணக்கம் சொல்லிப் பழக்கியிருக்கிறார்கள். நாலு பேரும் முதலில், தங்களுக்கு முகம் காட்டி நின்ற வால்ற்றரின் ட்ராக்டரை நிமிர்ந்து பார்த்து, "குறூட்சி" என்றார்கள். அடுத்தது நான். மூன்று பேர் சொன்னார்கள். சுகி ஒரு நொடி என்னைப் பார்த்தாள். ஃப்றொய்லைன் எங்காவது நிற்கிறாரோ என்று கீழூர்ப் பக்கமும் பார்த்தாள். பிறகு, வாழ்க்கையில் முதன்முறை காணும் ஒருவரிடம் சொல்வதுபோல, முகத்தை நேராக வைத்துக்கொண்டு சொன்னாள்:

"குறூட்சி."

"குறூட்சி" என்றேன் நானும், தொப்பியைத் தொட்டு.